மூன்றாம் பெட்டிக்கு ஒரு பச்சைப் பை

செத்துப்போன சிப் கண்ணாடி மூடிக்குள் கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்பாகப் பளபளத்தது. மூலைக்கு மூலை, முடியிழை மாதிரி ஒரு விரிசல்.

"இதுக்கா இவ்வளவு அமளி?" என்றான் ஹோங். "என் போன் இதைவிட மோசமா உடைஞ்சிருக்கு. இன்னும் அதுலதான் பேசறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும். இதே ஷிஞ்சு ஊரில், நாலு தெரு தள்ளி, ஒரு சிப் ஆலையில் ஆறு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவன் அவன். ஒருநாள் வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தான். திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "தூக்கம் வந்துச்சு" என்றான். இப்போது பெங் யுவே-சின்னுக்கு உதவியாளன்.

பெங்குக்கு ஐம்பத்து மூன்று வயது. விலை உயர்ந்த பொருள்கள் எப்படி உடைந்தன என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. எதைப் பார்த்தாலும் சந்தேகம். டம்ளர் தேநீரைக்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

"விளக்கமா சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் வெய் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். மடிப்புக் கலையாத சட்டை, களைத்த கண்கள். "இருள்வலைன்னு ஒரு தொலைநோக்கி விண்வெளிக்குப் போகப்போகுது. அதோட கண்ணுதான் இந்த சிப். தூரத்து விண்மீன் கூட்டங்களோட வடிவம் துளியூண்டு வளைஞ்சு தெரியும். அந்த வளைவை வெச்சுத்தான் நடுவுல கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடறாங்க. கண்ணு பொய் சொன்னா கணக்கு மொத்தமும் பொய்."

"சோதனை எப்படி?"

"பதினோரு நாள். எஃகுக் குளிர்பெட்டிக்குள்ள வெச்சு, மைனஸ் நூறு டிகிரியில, இருட்டையே படம் எடுக்கணும். படத்துல ஒண்ணும் தெரியலேன்னா பாஸ்."

"எங்க ஸ்கூல்ல இப்படிப் பரீட்சை வெச்சிருந்தா நான்தான் முதல் ரேங்க்" என்றான் ஹோங்.

பெங் அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"இந்த ஏழாம் நம்பர் சிப், மூணாம் பெட்டியில இருந்துச்சு" என்று தொடர்ந்தார் வெய். "நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எடுத்த படம் எல்லாம் சுத்தம். பெட்டி ராத்திரி பூரா தானா மெல்ல சூடேறிச்சு. காலையில எட்டரைக்கு இந்தப் பொண்ணு திறந்தா. விரிசல்."

இந்தப் பொண்ணு என்றது மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஃபான் யா-டிங்கை. முப்பது வயதுகூட இருக்காது. கைகள் மடியில். முன்னால் இரண்டு தாள், ஒரு பேனா. ஒரு தாள், அலட்சியத்தால் உடைத்தேன் என்று ஒப்புக்கொள்வது. கையெழுத்துப் போட்டால் வேலை போகும். இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசல் தாண்ட விடாது. இன்னொரு தாள், வேண்டுமென்றே நாசம் செய்தாள் என்று அரசு வழக்கறிஞருக்குப் புகார். ஐந்து மணிக்குள் முதல் தாளில் கையெழுத்து விழாவிட்டால் இரண்டாம் தாள் போய்விடும்.

"நான் திறக்கறப்பவே விரிசல் இருந்துச்சு" என்றாள் யா-டிங். காலையிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான் போலிருக்கிறது. குரல் தேய்ந்துபோயிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை.

சோதனைப் பிரிவின் தலைவர் லியாவ் அவர்களைக் குளிர்பெட்டிகள் இருக்கும் பக்கம் கூட்டிப்போனார். வெய்யும் கூட வந்தார். லியாவ் பருத்த ஆள். நடக்கும்போது மூச்சு வாங்கியது. அடிக்கடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து எஃகுப் பெட்டிகள். இந்தப் பக்கம், ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இயக்கு மேடை. ஒவ்வொரு மேடையின் தலையிலும் பச்சை நிறத்தில் ஒரு சோளப்பொரிப் பை.

ஹோங் நின்று, முதல் பைக்குத் தலை தாழ்த்தினான். பழக்கம். அவன் வேலை பார்த்த ஆலையிலும் இயந்திரத்துக்கு ஒரு பை உண்டு. அந்தப் பொரியின் பெயருக்கே சமத்து என்றுதான் அர்த்தம். அது மேலே இருந்தால் இயந்திரம் சமத்தாக இருக்கும். பச்சை மட்டும்தான் ஆகும், மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகவே ஆகாது. பிரிக்கக் கூடாது. தேதி தாண்டிய பை இருக்கவே கூடாது.

"பாருங்க மேடம்" என்று சிரித்தார் வெய். "நாப்பது பேர் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. கும்பிடறது பொரி மூட்டையை. நான் வந்த முதல் வருஷமே எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னேன். கேட்டாத்தானே? இப்ப நான் அதைத் திரும்பிப் பார்க்கறதுகூட இல்ல."

அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டார்.

ஹோங் ஐந்து பைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். ஐந்திலும் தடித்த பேனாவால் ஒரே கையெழுத்து. மூன்றாவதில், 'மூணாம் பெட்டியே, மே 12, சமத்தா இரு.' சோதனை தொடங்கிய நாள். அவன் ஒரு பையைத் திருப்பினான். அடுத்ததைத் திருப்பினான். மறுபடி மூன்றாவதற்கு வந்தான்.

"லியாவ் அண்ணே, இதெல்லாம் யாரு வாங்கினது?"

"யா-டிங்தான். சோதனை தொடங்கற அன்னிக்கு ஒரு அட்டைப்பெட்டி பொரியா வாங்கிட்டு வந்து, அவளே எழுதி, அவளே வெச்சா."

"எப்ப மாத்துவீங்க?"

"தேதி முடியறப்ப. இல்லேன்னா இயந்திரம் மக்கர் பண்ணினா. மக்கர் பண்ணினதும் பழசை எடுத்துடணும். கடமையைச் செய்யாத பையை ஒரு நிமிஷம் விட மாட்டோம்."

"மூணாம் பெட்டி இந்தத் தடவை மக்கர் பண்ணுச்சா?"

"கிடையாதுப்பா. பதிவேட்டைப் பாரு. பதினோரு நாளும் சுத்தம்."

லியாவ் மறுபடி கழுத்தைத் துடைத்தார். அந்த அறையில் குளிர் இருபது டிகிரி.

அவர் தள்ளிப் போனதும் ஹோங் பெங்கின் காதருகே குனிந்தான். "அக்கா, நாலு பையில அச்சடிச்ச காலாவதி செப்டம்பர். இதுல மட்டும் நவம்பர்."

பெங் பையைத் தொடவில்லை. "மேல எழுதினது?"

"அந்தப் பொண்ணோட எழுத்து மாதிரியே. மாதிரியேன்னுதான் சொல்றேன். 'சமத்தா'வுல கை கொஞ்சம் நடுங்கியிருக்கு."

"அப்ப நடுவுல யாரோ பையை மாத்தியிருக்கான். மக்கர் பண்ணின பெட்டிக்குத்தான் பையை மாத்துவாங்க. மக்கரே பண்ணலேன்னு பதிவேடு சொல்லுது." அவள் மூக்கைச் சொறிந்தாள். "ஒண்ணு பொரி பொய் சொல்லுது, இல்ல பதிவேடு பொய் சொல்லுது."

"பொரி பொய் சொல்லி நான் பார்த்ததில்ல அக்கா."

மூன்றேகாலுக்கு யா-டிங்கின் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். பதினோரு நாள் படங்களையும் அவள் வரிசையாகத் திறந்தாள். எல்லாம் கறுப்பு. அங்கங்கே நகராத சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும்.

"இதெல்லாம் சிப்போட மச்சம்" என்றாள். "பிறக்கறப்பவே வர்ற குறை. ஒவ்வொரு சிப்புக்கும் வேற வேற இடத்துல இருக்கும். இது ஏழாம் நம்பரோட மச்சம்தான். நானே சரிபார்த்தேன். அதனாலதான் எனக்கே ஒண்ணும் புரியல."

"நீ பார்க்கறது முழுப் படமா?" என்று கேட்டாள் பெங்.

"குப்பையை எடுத்துட்டு."

"என்ன குப்பை?"

"வானத்துலேருந்து துகள் மழையா விழுந்துகிட்டே இருக்கும் மேடம். கூரை, எஃகு எல்லாத்தையும் துளைச்சுட்டு வந்து சிப்புல கீறிட்டுப் போகும். எங்களுக்கு அது தொந்தரவு. அதனால கணினி முதல் வேலையா அதை அழிச்சுட்டுத்தான் படத்தைக் காட்டும். யாரும் அதைப் பார்க்கறதில்ல."

"நான் பார்க்கறேன். குப்பையோட காட்டு."

யா-டிங் இரண்டு பொத்தான் தட்டினாள். முதல் நாள் படம் முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெறித்தன. எங்கோ ஒன்றிரண்டு நீளக் கீறல். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மாலைப் படம் வந்தது. புள்ளிகளைக் காணோம். படம் முழுக்க நீளநீளமான கோடுகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்ந்து. நான்காம் நாளும் கோடு. பதினொன்றாம் நாள் வரைக்கும் கோடுதான்.

ஹோங் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "மழையில ஸ்கூட்டரை நிறுத்திட்டுப் போனா இப்படித்தான் இருக்கும். படுத்திருக்கற சீட்டு மேல சொட்டு சொட்டா நிக்கும். நிமிர்ந்து நிக்கற கண்ணாடியில கோடு கோடா வழியும்."

யா-டிங்கின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

"என்ன?" என்றாள் பெங்.

"துகள் பெரும்பாலும் மேலேருந்து நேரா விழும். சிப் மல்லாந்து படுத்திருந்தா குத்திட்டு அந்தப் பக்கம் போயிடும். புள்ளி. சிப் நிமிர்ந்து நின்னா அதோட உடம்பு நீளத்துக்குக் கீறிக்கிட்டே இறங்கும். கோடு." அவள் திரையிலிருந்த கோடுகளைச் சுட்டிக் காட்டினாள். "மூணாம் பெட்டியில சிப் படுத்துத்தான் இருக்கும் மேடம். அதுக்குள்ள நிமிர்த்தி வெக்கவே முடியாது."

"நிமிர்ந்து நிக்கற பெட்டி எது?"

"ஐந்து. அது ஒண்ணுதான்."

"ஐந்தாம் பெட்டி அதே நாள்ல எடுத்த படத்தைப் பக்கத்துல வை. குப்பையோட."

இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மச்சங்கள் வேறு வேறு இடத்தில் இருந்தன. கோடுகள் மட்டும் ஒன்றுவிடாமல் அதே இடம், அதே நீளம், அதே சாய்வு.

"ரெண்டு இடத்துல ஒரே மழை ஒரே மாதிரி பெய்யாது" என்றாள் பெங் மெதுவாக. "மூணாம் நாளே ஏழாம் நம்பர் செத்துடுச்சு. அப்புறம் எவனோ ஐந்தாம் பெட்டிப் படத்தைத் தினமும் எடுத்து, மச்சத்தை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கான். மச்சத்தை மாத்தினவன் மழையை மாத்தல."

"நானா இருந்தாலும் மாத்தியிருக்க மாட்டேன்" என்றாள் யா-டிங். "குப்பைன்னா எங்களுக்கு அது இல்லாத மாதிரிதான்."

"படம் இருக்கற கிடங்குல கை வெக்க யாரால முடியும்?"

"என்னால முடியாது. பார்க்க மட்டும்தான் அனுமதி. எழுத, மாத்த ரெண்டு பேருக்கு. லியாவ் அண்ணனுக்கும் டாக்டருக்கும்."

"மூணாம் நாள் யாரு ட்யூட்டி?"

யா-டிங் பதிவேட்டைத் திருப்பினாள். சொல்ல மனமில்லாமல் சொன்னாள். "சனிக்கிழமை. லியாவ் அண்ணன். 'எல்லாம் நலம்'னு எழுதியிருக்கார்."

வெளியே ஷிஞ்சுவின் காற்று ஜன்னலை உலுக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லியாவ் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோங் திரும்பியதும் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"வேர்வை ஆளு" என்றான் ஹோங். "ஆனா என்னை 'ப்பா'ன்னு கூப்பிட்டார் அக்கா. அவரா இருக்க வேண்டாம்னு இருக்கு."

"உன் ஆசையை அறிக்கையில எழுத முடியாதுடா." பெங் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. "படம் களவுன்னு நிரூபிச்சாச்சு. யாருன்னு நிரூபிக்கல. ரெண்டு பேரும் மத்தவன்தான்னு கை காட்டுவாங்க. அஞ்சு மணிக்கு இந்தப் பொண்ணோட கதை முடிஞ்சுடும்." ஹோங் பக்கம் திரும்பினாள். "அந்த மூணாம் பைக்கு என்ன தேதின்னு யாருகிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்ட மட்டும்."

"நல்லது. அதை எடுத்துக்கிட்டு வா. தேதி யார் கண்ணுலயும் படக் கூடாது. அப்புறம் உனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையைச் செய்."

"தூங்கவா?"

"அதிகப் பிரசங்கித்தனம் பண்ணு."

நாலரைக்கு எல்லோரும் மறுபடி மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யா-டிங்கின் முன்னால் அதே பேனா. வெய் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். லியாவ் யாரையும் பார்க்கவில்லை.

"அறிக்கை தயாரா மேடம்?"

"தயார். என் உதவியாளனுக்கு மட்டும் ஒரு கேள்வி இருக்காம். படிப்பு கம்மி. மன்னிச்சுடுங்க."

ஹோங் பச்சைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தான். முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டான். "யா-டிங், உனக்கு வெட்கமா இல்ல? நானும் ஆலையில இருந்தவன். சிப் ஏன் உடைஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பை காலாவதி! போன வாரமே முடிஞ்சுபோன பையை மூணாம் பெட்டி தலையில வெச்சிருக்கே!"

யா-டிங் திகைத்துப் போனாள். "இல்ல, நான் புதுசாத்தானே..."

"ஏம்ப்பா, பொய் சொல்லாதே!" லியாவ் நாற்காலி கிறீச்சிட எழுந்தார். கன்னம் சிவந்துவிட்டது. "அவ வாங்கிட்டு வந்த பொரிப் பெட்டியை நானும் பார்த்தேன். செப்டம்பர் வரைக்கும் இருக்கு. காலாவதிப் பையை என் பிரிவுல வெக்கற வழக்கமே கிடையாது!"

"போன வாரம் அண்ணே. கண்ணாலே பார்த்தேன்."

"முட்டாள்தனம்" என்றார் வெய் எரிச்சலாக. "பொரியை வெச்சு நேரத்தை வீணாக்காதீங்க. அதுல நவம்பர்னு தெளிவா அச்சடிச்சிருக்கு."

ஹோங் பையைத் திருப்பி மேஜை நடுவில் வைத்தான். நவம்பர்.

லியாவ் குனிந்து பார்த்தார். பிறகு வெய்யைப் பார்த்தார். அவர் வாய் திறந்திருந்தது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சது செப்டம்பர்" என்றாள் பெங். "யா-டிங் வாங்கின பையோட தேதி. அது மாறிப்போச்சுன்னு அவருக்குத் தெரியாது. பையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் நீங்க. உங்களுக்கு நவம்பர் எப்படித் தெரிஞ்சுது டாக்டர்?"

வெய் சிரிக்கப் பார்த்தார்.

பெங் புள்ளிப் படத்தையும் கோட்டுப் படத்தையும் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெய் அவற்றைப் பார்த்தார். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவர். ஒருமுறை பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"குப்பை" என்றார், தனக்குத்தானே. பிறகு, "சோதனைக்கு நடுவுல ஒருதடவை சூடேத்தி மறுபடி குளிர வெக்கணும். பத்து மணி நேரம். நாள் தள்ளிக்கிட்டே போச்சு. சனிக்கிழமை லியாவைச் சாப்பிடப் போகச் சொன்னேன். பத்து மணி நேர வேலையை ரெண்டு மணி நேரத்துல முடிச்சுக் குளிரை இறக்கினேன். பெட்டிக்குள்ளேருந்து ஒரு சத்தம். நகம் உடையற மாதிரி. அவ்வளவுதான்."

"நான் திரும்பி வந்து பார்த்தப்ப விளக்கெல்லாம் பச்சை" என்றார் லியாவ். "நலம்னு எழுதிட்டேன்." கழுத்தைத் துடைக்க மறந்துவிட்டார்.

"எல்லாம் சரி டாக்டர்" என்றான் ஹோங். இந்தமுறை கேலி இல்லை. "படத்தை அவ்வளவு கச்சிதமா மாத்தினீங்க. பையை ஏன் தொட்டீங்க? அதை அப்படியே விட்டிருந்தா இன்னிக்கு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டிருப்பாளே."

வெய் பச்சைப் பையைப் பார்த்தார். "அது வேலை செய்யாத பை. அதை எப்படி அங்கேயே விட்டுட்டுப் போறது?"

ஐந்து மணிக்குக் காவலர்கள் வந்து வெய்யைக் கீழே அழைத்துப் போனார்கள். லியாவ் இரண்டு தாள்களையும் நாலாகக் கிழித்தார். யா-டிங்கிடம் என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டார். காலையில் ஒரு வார்த்தை அவளுக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

யா-டிங் நன்றி சொல்லவில்லை. மறுபடி திரை முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போ" என்றாள் பெங். "முடிஞ்சுபோச்சு."

"நாலாம் நம்பர் சிப்பும் மூணாம் பெட்டியிலதான் சோதனை ஆச்சு. மார்ச் மாசம். அப்பவும் டாக்டர் நாள் தள்ளுதுன்னு கத்திக்கிட்டுத்தான் இருந்தார்." அவள் திரும்பவில்லை. "அதை அனுப்பியாச்சு. தொலைநோக்கிக்குள்ள பொருத்தியாச்சு. நாளைக்கு மூடி போடறாங்க. அப்புறம் யாராலயும் தொட முடியாது."

ஹோங் சுவரில் சாய்ந்தான். "அந்தப் பரிசோதனைத் தாள்ல யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"தப்பா இருந்தா உன் பேருதானே போகும்? இப்பத்தான் தப்பிச்சே. பார்க்காம இருந்தா யாருக்கும் தெரியாது."

"தெரியும்" என்றாள். "அதனாலதான் இன்னும் திறக்கல."

வெளியே காற்று அடித்துக்கொண்டே இருந்தது. யா-டிங் இரண்டு பொத்தான் தட்டினாள். நாலாம் நம்பரின் முதல் நாள் படம், குப்பையோடு விரிந்தது.

கோடுகள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. மூன்றாம் பெட்டியில் படுத்திருக்கும் சிப்பில் விழவே முடியாத கோடுகள்.

அவள் அடுத்த படத்தைத் திறந்தாள். அடுத்ததை. நாலாவதோடு நிறுத்திவிட்டு, மேஜையிலிருந்த தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"ஃபான் யா-டிங் பேசறேன். நாலாம் நம்பர் சிப்புக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தக் கையெழுத்து செல்லாது. மூடி போடாதீங்க."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"குப்பையைப் பார்த்தேன்" என்றாள்.